வேப்பெண்ணெயும் பட்டுப்புழுவும்



கொள்ளேகால் பட்டை அறியாத தமிழர் அரியர். 1956 நவம்பரில் மைசூர் ராஜ்யத்தோடு இணையும் வரையில் கொள்ளேகால் தாலுக்கா நம் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகும். அன்று அதில் அடங்கியிருந்த ஹனூர்ப் பகுதியில் முசுக்கட்டைத் தோட்டமுடைய அன்பர்களுக்கு இன்று ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறேன்.

முசுக்கட்டையின் தளிர் சுருண்டு குறுகிப்போகும் துக்ரா என்னும் கேட்டை விளைவிப்பது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. மெழுகுப்பொடி அதன் உடலைப் போர்த்தியிருப்பதால் நீர்மருந்து எளிதில் ஒட்டுவதில்லை. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் பூச்சியின் மேல் நன்கு படியும்.

ஆனால், வேம்பு நமக்கு மருந்தாயிற்றே என்றெண்ணி, தெளித்த மறுநாளே இலையைப் பறித்துப் புழுவுக்கு இடலாகாது. பட்டுப்புழுவும் பூச்சியினந்தானே! வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரிப்பதையும் தடுக்கும். கூடு கட்டுமுன் நான்கு முறை தோலுரிக்க வேண்டிய புழுவுக்கு அது நஞ்சேயன்றி வேறென்ன? ஏறக்குறைய நான்கு வாரப் பாடு தட்டிலேயே மடிந்துபோகும்.

ஆகவே, கவாத்து செய்து புதுத் தளிர் விடும் காலமே தெளிப்பதற்கு ஏற்றது; இலை பறிக்க நாட்கள் பல இருக்கும். காத்திருக்க வேண்டிய நாட்கள் மருந்துக்கு மருந்து மாறுபடும். மைசூரில் 1961-இல் தோன்றிய மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தாரையோ, அருகிலுள்ள பட்டு வளர்ச்சி அலுவலரையோ கேட்டறிவது நலம். அதன் பின்னரும், முதலில் இருபது புழுக்களுக்கு மட்டும் அவ்விலையை இட்டு இரண்டு நாள் பாருங்கள்.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளைத் தோட்டத்தில் விட்டிருப்பவர் எண்ணெய் தெளிக்க வேண்டாம். சுருண்ட தளிர்களைக் கிள்ளினால் வரப்பில் எறியாமல் எரித்துவிடுங்கள்.