செம்பருத்தியும் மாவுப்பூச்சியும்

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற நம் சங்க மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனாகிய யான் பூச்சிகளைப் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் பலர்க்கு வியப்பாயிருக்கலாம். இலக்கியம் பேசுமாறே சங்கத்தார் என்னைப் பணித்தனர். ஆயின் சென்ற மாதம் கூட்டம் கலைந்தபின் நம் தாய்மார் சிலர் என்னை வழியில் நிறுத்தி, "வாத்தியாரையா, வீட்டுச் செம்பருத்தி எல்லாம் வெள்ளை பிடித்துச் சுருண்டு போகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வினவினர். அவ்வினாவை அப்படியே விட்டு இலக்கியம் பேச என் மனம் ஒருப்படவில்லை. அன்றியும், இவ்விஷயத்தில் யான் பிழை செய்து வருந்தியவன்; ஆதலாற் பேசச் சிறிது உரிமையும் உண்டு.

மலைவலம் வரும் இவ்வீதியில் செம்பருத்தி இல்லாத வாயில் அரிது. காலையில் பறித்த பூ பிள்ளையாருக்கும் ஆதி அண்ணாமலையாருக்கும் போகிறது. இலையை அரைத்துப் பெண்மக்கள் தலைக்குத் தேய்க்கின்றனர். இதழை எண்ணெயிற் காய்ச்சுகின்றனர். குழந்தைகளோ பூவின் அடிக்காம்பைக் கிள்ளித் தேனை உறிஞ்சுகின்றன. ஆகவே, இச்செடியின்மேல் நாம் தெளிக்கும் விஷம் செடியோடு நில்லாது. கைக்கும் தலைக்கும் வாய்க்கும் வந்து சேரும். வயலிற் பருத்திக்குத் தெளிப்பதை வாயிலிற் செம்பருத்திக்குத் தெளிக்கலாகாது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை; பண்டிதன் வழக்கத்தைப் பொறுத்தருள்க. சிலர் இதனைச் செம்பரத்தை என்பர். ஈழத்தார் செவ்வரத்தை என்பர். நாம் செம்பருத்தி என்கிறோம். சொல்லின் வரலாறு எவ்வாறாயினும், தாவர நூலார் கணக்கில் இது பருத்தியின் உறவே. வெண்டை, பூவரசு, வேலியோரத்துத் துத்தி ஆகிய யாவும் ஒரே குடும்பம். உறவினர் வீட்டு விருந்தாளி நம் வீட்டுக்கும் வருவதுபோல, அவற்றைத் தின்னும் பூச்சிகள் இதன்மீதும் வருகின்றன. துத்தியும் பார்த்தீனியமும் மண்டிய மனையருகே செம்பருத்தி சுகமாயிருத்தல் கடினம்.

வரும் பூச்சிகள் பலவாயினும் அடையாளம் எளிது. தளிர்நுனியிலும் மொட்டிலும் மெத்தென்ற சிறு பூச்சிகள் நெருங்கி மொய்த்தால் அது அசுவினி. செடியை அசைத்தவுடன் வெண்பொடி பறப்பதுபோல் எழுந்து மீண்டும் இலையடியில் அமர்ந்தால் வெள்ளை ஈ. இலையின் மேற்புறம் வெளிறிப் புள்ளி புள்ளியாகி, அடியில் நுண்ணிய நூலாம்படை கண்டால் சிவப்புச் சிலந்திப்பேன். கோடையில் இது மிகும். இவற்றுட் பெரும்பாலன, இலையின் அடிப்புறம் படுமாறு நீரைப் பீய்ச்சிச் சில நாள் கழுவினாலே குறைந்துவிடும். ஆதலின் இவற்றை விடுத்து, உண்மையில் நம்மை அலைக்கழிக்கும் மாவுப்பூச்சிக்கு வருகிறேன்.

மாவுப்பூச்சி எள்ளளவே உள்ளது, நீள்வட்டமானது, மாவிற் புரட்டியதுபோல் வெண்மெழுகு பூத்திருப்பது. பெண்ணுக்குச் சிறகில்லை. பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. அது சாற்றை உறிஞ்சத் தளிர் முறுக்கிக்கொள்ளும். மொட்டு மலராது உதிரும். அதன் இனிய கழிவுநீர் இலைமேற் சொட்ட, அதிலே புகைக்கரி படிந்தாற்போலக் கரும்பூசணம் படரும். அந்நீரை விரும்பி எறும்புகள் வரும். வந்தவை தின்றுவிட்டுப் போவதில்லை. மாவுப்பூச்சிக்குக் காவலிருந்து அதன் பகைவரை விரட்டும். செடியில் எறும்புச்சாரி கண்டால் மேலே எங்கோ மாவுப்பூச்சியோ அசுவினியோ உண்டென்று ஐயுற வேண்டும்.

இனி என் பிழை. 2009-ஆம் ஆண்டில் என் வீட்டுச் செம்பருத்தி முழுதும் வெள்ளை பிடித்தது. கடையில் "கடுமையான மருந்து" கேட்டு வாங்கி இரண்டு முறை தெளித்தேன். ஒரு வாரம் வெள்ளை குறைந்தது. மறு பட்சத்தில் முன்னினும் மிகுந்தது. மெழுகுப் போர்வையின் கீழும் முட்டைப்பையினுள்ளும் இருந்தவை பிழைத்துக்கொண்டன; அவற்றைத் தின்பன மட்டும் மாண்டன. இதனிடையே என் தாயார் வழக்கம்போற் பூப்பறித்து, அக்கையாற் கண்ணைத் துடைத்து, இரண்டு நாள் எரிச்சலால் வருந்தினார். "சாமிக்குப் போடுகிற பூவிலா விஷத்தை வைத்தாய்?" என்று அவர் கேட்டதற்கு இன்றும் என்னிடம் விடையில்லை.

அதனோடும் நில்லாது மற்றொன்று செய்தேன். மருந்தை நிறுத்திச் சில வாரம் சென்றபின், மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே நெல்லினும் நீண்ட, சடை சடையாக வெண்மெழுகு தொங்கும் புழுக்களைக் கண்டேன். இவையே தாய்ப்பூச்சிகள் போலும் என்றெண்ணி, தினமும் காலையிற் பொறுக்கி நசுக்கினேன். வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் ஒருநாள் வந்தவர் இதனைக் கண்டு, "ஐயா, எதிரியை விட்டுவிட்டு உமது படையையே கொல்கிறீரே!" என்றார்.

அப்புழு கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. மாவுப்பூச்சியைப் போலவே மெழுகு பூசி அதன் நடுவே திரிகிறது. வளர்ந்த வண்டு உடல் கறுத்து, தலையும் வாற்புறமும் செம்மஞ்சளாயிருக்கும். இவ்வண்டு 1898-ஆம் ஆண்டிலேயே காப்பித் தோட்டங்களின் பொருட்டு ஆஸ்திரேலியாவினின்று இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. வேறுபாட்டை நன்கு நினைவிற் கொள்ளுங்கள்: மாவுப்பூச்சி சிறியது, மெழுகுக் குஞ்சம் குட்டை, தொட்டாலும் மெல்லவே நகரும், இப்புழு பெரியது, சடை நீண்டது, சுறுசுறுப்பாக நடக்கும். இன்னும் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இவ்வாறே வெண்பொடி போர்த்து மாவுப்பூச்சியைத் தின்கிறது. அதன் கூட்டுப்புழு குரங்கின் முகம்போல் இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டினால் மிக மகிழ்வர்.

என் வீட்டில் நிகழ்ந்தது சிறிது. அக்காலத்தே நாட்டில் நிகழ்ந்தது பெரிது. பப்பாளி மாவுப்பூச்சி என்பது மெக்சிகோப் பக்கத்தது. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதற் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று வேறுபாடின்றிப் பற்றியது. பட்டுப்புழு வளர்ப்போர் இலையின்றித் தவித்தனர். மருந்து தெளித்தும் அடங்கவில்லை. அதன் இயற்கைப் பகைவர் இந்நாட்டில் இல்லாமையே காரணம். 2010-இல் அப்பகைவரை, அதாவது அசிரோபேகஸ் பப்பாயே முதலிய மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை, போர்ட்டோரிக்கோவினின்று பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் தருவித்துப் பரிசோதித்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டு வயல்களில் அவை விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் அவற்றைப் பெருக்கி உழவர்க்கு அளித்தனர். அசிரோபேகஸ் ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது, மனிதரைக் கொட்டாது, மாவுப்பூச்சியினுள்ளே முட்டையிட, குஞ்சு அதனை உள்ளிருந்தே தின்று வெறுங்கூடாக்கிவிடும். சில மாதங்களிற் பூச்சி அடங்கிற்று. குளவி விட்ட இடத்தில் விஷம் தெளித்தவர்க்கு மட்டும் அப்பயன் கிட்டியிராது என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆகலின், தாய்மார்களே, செய்யத்தக்கது இது. மிகுதியாகப் பற்றிய கொம்பை நறுக்கிச் சோப்பு நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்துங்கள். வீதியில் எறிந்தால் அண்டை வீட்டுக்குப் போய்விடும். நறுக்குமுன் சடைப்புழு உண்டா என்று பார்த்து, இருப்பின் வேறு கிளையில் விடுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டி, அடிமரத்தில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. எஞ்சியதற்கு, வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சோப்பு கலந்து, மாலையில் பூச்சி உள்ள இடத்தில் மட்டும் தெளியுங்கள். சோப்பு சேராவிடில் மெழுகின்மேல் நீர் ஒட்டாது வழிந்துவிடும். பத்து நாள் கழித்து மறுமுறை. தெளித்த செடியின் பூவை ஓரிரு நாள் பறியாது விடுதல் நன்று.

ஐயமுள்ளோர் ஒரு சிறு கொம்பை ஒடித்து, மூடிய உறையில் இட்டு, ஞாயிறு காலையில் என் வீட்டுக்குக் கொண்டு வரலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். உறையைத் திறந்து கொண்டு வர வேண்டாம்; என் செம்பருத்தி இப்பொழுதுதான் மொட்டு விட்டிருக்கிறது.