விடுதிப் பணிக்குச் செல்லும் இளைஞர்களுக்கு



ஆங்கிலம் சரளமாக வராது என்று எண்ணித் தங்கும் விடுதி வேலைக்குத் தயங்காதீர்கள். படுக்கை விரிப்பதையும் மேசை அமைப்பதையும் நிர்வாகிகளே கற்பித்துவிடுவர். கற்பித்தற்கரிய நேரந்தவறாமை, தூய்மை, இன்சொல், நாணயம் ஆகியவற்றையே உங்களிடம் எதிர்பார்க்கின்றனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றோரின் பிள்ளைகளுக்கு நேரந்தவறாமை புதிதன்று. விருந்தினர் அறையில் மறந்துவிட்ட மோதிரத்தை உடனே மேற்பார்வையாளரிடம் ஒப்படைப்பவரே நம்பிக்கைக்குரியவர்.

உணவைக் கையாளுவோர், 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, பயிற்சியும் தடுப்பூசியும் பெற்றிருத்தல் வேண்டும்.

கடமையோடு உரிமையையும் அறிக! சட்டப்படி வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை. மேற்பட்டால் மிகைநேர ஊதியம் உண்டு. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஒப்பந்தத்தைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.