காற்றை உலர்த்தும் வெம்மை

மும்பை, புணே, சூரத் முதலிய தொழில் நகரங்களில் வாழும் நம்மவருள் பலர், நாள்தோறும் அழுத்தக் காற்றோடு பழகுகின்றவர்கள். ஆயினும் அக்காற்றினுள் மறைந்திருக்கும் நீரைப்பற்றி, அது குழாய் வாயில் சொட்டும்வரை நாம் நினைப்பதில்லை.

மழைக்காலத்து மும்பையை எண்ணிப் பாருங்கள். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். ஈரப்பதம் நூற்றுக்கு 80. ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அத்தகைய 8 கனமீட்டர் காற்றைக் கம்ப்ரஸர் ஒரே கனமீட்டருக்குள் அடக்குகிறது. ஆக, அங்கே சேரும் ஆவி சுமார் 190 கிராம். சூடேறிய அக்காற்று மீண்டும் 30 பாகைக்குக் குளிரும்போது, அந்த இடத்தில் 30 கிராம் ஆவியே தங்க இயலும். எஞ்சிய 160 கிராமும் நீராகிவிடும்.

நீரை வடித்துவிடலாம், தங்கிய ஆவியே தொல்லை தருவது. குழாய் சற்றே குளிர்ந்தாலும் அது துளியாகும். வர்ணப் பூச்சில் கொப்புளம் எழும். மருந்துத் தூள் கட்டிபடும். காற்றால் இயங்கும் வால்வுகளின் நுண்துளைகள் துருவால் அடைபடும். ஆபத்து வேளையில் மூடவேண்டிய வால்வு மூடாதுபோயின், உயிருக்கே கேடு. ஆகவேதான் இத்தகைய இடங்களில், பனிநிலை 40 பாகை உறைகுளிருக்கு இறங்கும் அளவிற்குக் காற்றை உலர்த்துகிறார்கள்.

அம்முறைக்கு உவமை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. உப்பு ஜாடியில் வறுத்த அரிசி சிறிது இடுவர் நம் தாய்மார். அரிசி ஈரத்தை ஏற்று உப்பைக் காக்கும்; நமுத்தபின் அதனை மீண்டும் வறுத்து இடலாம். ஆலையில் அரிசியின் பணியைச் செய்வன, கிளர்வூட்டிய அலுமினா அல்லது சிலிக்கா ஜெல் மணிகள். அவற்றின் எண்ணற்ற நுண்துளைகளின் பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்கிறது.

இம்மணிகளை இரண்டு கலங்களில் நிரப்பியிருப்பார்கள். ஒன்று காற்றை உலர்த்தும்; மற்றொன்று தான் உலரும். சில மணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டும் பணி மாறும். நமுத்த மணிகளை உலர்த்த வெப்பமின்றியும் ஒரு வழி உண்டு. உலர்த்திய காற்றிலேயே ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கை அழுத்தம் நீக்கி அதனூடே செலுத்தி வெளியே விடுவது அவ்வழி. ஆனால் மின்சாரம் செலவிட்டு அழுத்திய காற்று அத்தனையும் வீணாகிறது. சூடேற்றிய காற்றோ மிகுந்த ஆவியைச் சுமந்து செல்லும்; அதனால் அப்பங்கு பாதியளவாகக் குறைகிறது. வெளிக்காற்றையே ஊதுவிசிறியால் இழுத்துச் சூடேற்றிச் செலுத்தும் அமைப்பில், அது இன்னும் குறையும்.

இங்கேதான் ஒரு கண்டிப்பு வேண்டும். வறுத்த அரிசியைச் சூட்டோடு ஜாடியில் இடுவார் உண்டோ? ஆறவிட்டன்றோ இடுவர்! மணிகளும் அவ்வாறே. சூடான மணி ஈரத்தைப் பற்றாது. உற்பத்தி அவசரத்தில் ஆறும் நேரத்தைக் குறைத்துக் கலத்தை மாற்றினால், வெப்பமும் ஈரமும் கலந்த காற்றே குழாய்களில் பாயும். நேரத்தை மிச்சப்படுத்தியதாக எண்ணுவோம்; கேடு பின்னர் வால்வில் தெரியும்.

மேலும் இரண்டு செய்திகள். உள்ளே வரும் காற்று 30 பாகையில் கனமீட்டருக்கு 30 கிராம் ஆவி சுமக்கும். 40 பாகையிலோ 51 கிராம். ஆதலால் காற்றைக் குளிர்விக்கும் கருவியில் அழுக்குப் படியவிடலாகாது. எண்ணெய் பட்ட மணியின் துளைகள் அடைபட்டுப்போம்; மீண்டும் சூடேற்றுவதால் அது பழைய நிலையை எய்தாது. ஆகவே முன்வடிகட்டியையும் வடிகுழாயையும் நாள்தோறும் கவனித்தல் வேண்டும்.

பணி முறை மாறும்போது, ஆறும் நேரம் முடிந்ததா என்று ஒருகணம் பார்த்துவிட்டுப் பொறுப்பை ஒப்படையுங்கள். அடுத்து வருபவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி அதுவே.