கல்லும் கதையும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்தான் என் படிப்பு. ஆராய்ச்சியாளர் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் மாமா வீட்டில்தான் நேற்றிரவு தங்கினேன். கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அவர் சிரித்துவிட்டார். "பிள்ளைங்க பரிசு தூக்கிட்டுப் போக வருதுங்க, நீ கல்லைத் தூக்கிட்டு வர்றியேம்மா!" என்றார்.

ஆனால் என் பேச்சுக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்தவரும் அவரே. இந்த வட்டாரத்தைப் பெரியவர் இன்னும் "பத்தாங்கட்டை" என்றுதான் சொல்கிறார். சாலையோரத்தில் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்த காலத்துப் பேச்சு அது. நகரத்திலிருந்து பத்தாவது மைல், அதனால் பத்தாங்கட்டை. மலாய்க்காரர்கள் கல்லுக்கும் மைலுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள்: "பத்து". நாம் பத்துமலை என்கிறோமே, அந்தப் பத்தும் எண்ணிக்கை அல்ல, கல்தான்! 1970களில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. சாலையோரக் கல்லும் போயிற்று. ஆனால் என் மாமாவின் வாயில் அந்தக் கல் இன்றும் நட்டபடியே நிற்கிறது. கல் போன பிறகும் சொல் நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

மாணவர்களே, கல்லை நிமிர்த்தி நடுவது மனிதனின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பெரிய கல்வட்டம் இருக்கிறது. மெர்லின் என்ற மந்திரவாதி அதை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தினான் என்று அங்கே ஒரு பழங்கதை உண்டு. நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய கற்கள் ஏராளம். உருண்டைப் பாறைகளை வட்டமாக வைத்திருந்தால் அது கல்வட்டம். பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் போட்டிருந்தால் அது கல்திட்டை. ஒற்றையாக நெட்டுக்குத்தாய் நிற்பது நெடுங்கல்.

இவற்றை ஊர்மக்கள் என்னவென்று சொல்கிறார்கள்? கல்திட்டையைப் "பாண்டவர் வீடு" என்பார்கள். வனவாசத்தின்போது ஐவரும் அங்கே தங்கினார்களாம். வேறு சில ஊர்களில் "குள்ளர் வீடு" என்பார்கள். குனிந்து நுழைய வேண்டிய இந்தச் சின்ன அறையில் யார்தான் குடியிருந்திருக்க முடியும்? ஆகவே முன்னொரு காலத்தில் குள்ள மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஆள் சிறிசு, பலமோ பெரிசு. இந்தப் பாறைகளை அவர்களே தூக்கி வைத்தார்கள் என்று கதை வளர்ந்தது.

மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது வேறு செய்தி கிடைத்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1980களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்தது. கல்வட்டங்களுக்குள்ளே மனித எலும்புகளும், கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும், இரும்புக் கருவிகளும், சிவந்த கல்மணிகளும் கிடைத்தன. இவை வீடுகள் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நம் முன்னோரின் ஈமச் சின்னங்கள். குள்ளரும் கட்டவில்லை, பாண்டவரும் கட்டவில்லை. நம்மைப் போன்ற உயரமுள்ள மனிதர்கள், தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காகக் கட்டினார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அப்போ பாட்டிங்க சொன்ன கதையெல்லாம் பொய்தானே டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இன்று முழுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கதை, "யார் வைத்தது" என்பதில் தவறிவிட்டது. ஆனால், "இது சும்மா கிடக்கிற கல் இல்லே, பழையவங்க வச்சது, கை வைக்காதே" என்று சொன்னதே, அதில் தவறவில்லை. வயலுக்கு வேலி இருப்பதுபோல் கல்லுக்குக் கதைதான் வேலி. அந்தப் பயம் இருந்த இடங்களில் கல்லைப் பெயர்த்து வீட்டுக்குப் படிக்கட்டு ஆக்க மனிதன் யோசித்தான்.

கல்லில் பெயரும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது. போரில் இறந்த வீரனுக்கு நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது. நல்ல கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் எடுத்த கதையும் இந்த முறையில்தான் நடக்கிறது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. அவன் அரசன் அல்லன். மாட்டுச் சண்டையில் செத்த ஒரு சாதாரண வீரன். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு பத்தாங்கட்டையில் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்கிறோம் என்றால், யாரோ ஒருவர் உளியெடுத்துச் செதுக்கியதுதான் காரணம்.

இனி நீங்கள் வாழும் இந்தத் தீவுக்கு வருவோம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரும்பாறை இருந்தது. ஏறக்குறைய பத்தடி உயரம். ஐம்பது வரிக்கு எழுத்து. 1819இல் காட்டை வெட்டிய வங்காள மாலுமிகள் அதைக் கண்டு அஞ்சி, மேற்கொண்டு வெட்ட மறுத்துவிட்டார்களாம். அதிகக் கூலி கொடுத்துச் சீனத் தொழிலாளரை வைத்து வேலையை முடித்தார்கள் என்று பழைய குறிப்பு ஒன்று கூறுகிறது.

அந்தப் பாறை அங்கே எப்படி வந்தது? மலாய்ப் பழவரலாறான செஜாரா மெலாயுவில் வரும் பாடாங் என்ற பலசாலியின் கதையை அதற்குச் சொல்வார்கள். பாடாங் ஓர் அடிமை. அவன் வலையில் விழுந்த மீன்களைத் தினமும் ஒரு பூதம் தின்றுவிட்டது. ஒருநாள் அவன் அதன் தாடியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பலம் கொடு" என்றான். பூதம் கக்கியதைத் தின்றால் பலம் வரும் என்றது. மூக்கைச் சுளிக்காதீர்கள், அவன் தின்றான்! மரங்களை வேரோடு பிடுங்கும் வலிமை வந்தது. செய்தி கலிங்க நாடு வரைக்கும் போயிற்று. மலாய் ஏடுகளில் கலிங்கம் என்றால் பெரும்பாலும் நம் தென்னிந்தியப் பக்கத்தைக் குறிக்கும். கலிங்க மன்னன் ஏழு கப்பல்களோடு தன் மல்லனை அனுப்பினான். சில பிரதிகளில் அவன் பெயர் நதி விஜய விக்கிரமன். அரண்மனை முன்னே கிடந்த பாறையை அவன் முழங்கால் வரைக்கும் தூக்கிப் போட்டுவிட்டான். பாடாங் அதைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கே எறிந்தான். கலிங்க மல்லன் பந்தயப் பொருளைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினான்.

இதற்குப் பின் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாடாங் இறந்துபோனான் என்று கேள்விப்பட்டதும், தோற்றுப்போன அந்தக் கலிங்க நாட்டு மன்னன், அவன் கல்லறைமேல் நிறுத்துவதற்காக இரண்டு கல்தூண்களை அனுப்பி வைத்தானாம். வென்றவனுக்குத் தோற்ற நாடு எடுத்த நடுகல்! இதைவிடப் பெரிய பரிசளிப்பு விழா எங்கே இருக்கிறது?

நிஜப் பாறை என்ன ஆயிற்று? 1843இல் ஆற்றுமுகத்தை அகலப்படுத்தவும் கோட்டைக்கு இடம் பண்ணவும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதை நேரில் பார்த்திருந்த முன்ஷி அப்துல்லா தம் நூலில் அந்த அழிவுக்கு வருந்தி எழுதினார். மிஞ்சிய சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. திரும்பி வந்த ஒரு துண்டு இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இதுவரை எவரும் முழுமையாகப் படித்து முடிக்கவில்லை. பரகேசரிவர்மன் என்ற சோழர் பட்டப்பெயரின் ஒரு பகுதி அதில் இருக்கலாம் என்று 2019இல் ஓர் அறிஞர் கருத்துரைத்தார். அது முடிவான தீர்ப்பு அல்ல. ஐம்பது வரியும் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆக, இங்கே கதை பிழைத்தது, கல் பிழைக்கவில்லை. வேலி இருந்தும் வெடிமருந்து வைத்திருந்தவர்கள் அதை மதிக்கவில்லை.

எங்கள் மாநிலத்தில் கல்லும் கதையும் இரண்டுமே பிழைத்த இடம் ஒன்று உண்டு. லிங்கிக்கு அருகே பெங்காலான் கெம்பாஸ். அங்கே ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் சமாதி இருக்கிறது. பக்கத்தில் உயரமான கற்கள் நிற்கின்றன. வாள், கரண்டி, சுக்கான் என்று அவற்றுக்குப் பெயர். சமாதிக் கல்வெட்டின் காலம் 1467. அதில் ஜாவி எழுத்தும் பழைய காவி எழுத்தும் இருக்கின்றன. இத்தகைய கற்களை மலாய் மக்கள் "பத்து ஹிடுப்", அதாவது உயிருள்ள கல் என்பார்கள். அவை வளர்கின்றன என்பது நம்பிக்கை. துளையுள்ள கல் ஒன்றும் உண்டு. பொய்யன் கையை விட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். எங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். "நான் வீட்டுப்பாடம் எழுதிட்டேன் டீச்சர்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த ஒருவன், அந்தக் கல்லைக் கண்டதும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்!

சிரிப்பு போதும். மூன்றாவதாக ஒரு கல்லைச் சொல்லி முடிக்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் பிறந்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னே ரப்பர் மரங்களுக்கு இடையில், முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. ஆடி மாதம் வந்தால் என் பாட்டி அதற்கு எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, வெற்றிலையும் வாழைப்பழமும் ஒரு சுருட்டும் படைப்பார். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, "இது என்ன சாமி பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "சாமி இல்லடி. எங்கப்பாவோட ஒரே கப்பல்ல வந்தவரு. கல்யாணம் காட்சி பாக்காமலே காய்ச்சல்ல போயிட்டாரு. நாமதான் பாக்கணும்" என்றார். பெயரைக் கேட்டேனா? இல்லை. தொலைக்காட்சியில் படம் தொடங்கிவிட்டது என்று ஓடிவிட்டேன்.

பாட்டி காலமானார். சில ஆண்டுகளில் ரப்பரை அழித்துச் செம்பனை நடத் தொடங்கினார்கள். மண்வாரி ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். கல்லைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார். லயத்துக்கு வந்து, "இது யாரு சாமி? எங்கே கொண்டு போய் வைக்கணும், சொல்லுங்க" என்று கேட்டார். என் அப்பாவுக்குத் தெரியவில்லை. "அம்மாதான் கும்பிடுவாங்க" என்றார். பக்கத்து வீட்டிலும் தெரியவில்லை. மதியம் வரைக்கும் அவர் காத்திருந்தார். எவராலும் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. கல்லை ஓரமாகத் தள்ளினார், மண் மூடிவிட்டது. இன்று அங்கே செம்பனை வரிசை நிற்கிறது.

அவர் மீது குற்றம் இல்லை. வேலியைக் கேட்டுத்தான் வந்தார். எங்களிடம் வேலி இல்லை. குற்றம் சொல்ல ஆள் தேடினால், ஒரே ஒரு கேள்வி கேட்காமல் ஓடிய மூன்றாம் ஆண்டு மாணவியைத்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதர் இரண்டு முறை செத்தார். முதல் முறை காய்ச்சலில். இரண்டாம் முறை எங்கள் மறதியில்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம், அவர்கள் இல்லையென்றால் வயதில் மூத்த யாரிடமாவது, மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடம்? யார் பெயர்? என்ன நடந்தது? அவர்கள் சொல்லும் விதத்திலேயே நோட்டில் எழுதி, தேதி போட்டு, சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். நிஜமா, கதையா என்று பிறகு ஆராயலாம். அதற்குத்தான் படிப்பு இருக்கிறது. முதலில் எழுதுங்கள். உளியும் வேண்டாம், பாறையும் வேண்டாம். ஒரு பென்சில் போதும். "பத்தாங்கட்டைன்னு ஏன் பேரு?" என்பதிலிருந்தே தொடங்கலாம். என் மாமா பதில் சொல்லக் காத்திருக்கிறார்!

பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முழங்கால் வரைக்கும் மட்டுமே கல்லைத் தூக்கிய அந்தக் கலிங்க மல்லன் பெயரும் ஏட்டில் இருக்கிறது. அடுத்த ஆண்டு இடுப்பு வரைக்கும் தூக்குங்கள்.