பத்மோஸ் தீவில் கண்ட ஏடுகள்

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் திருயாத்திரையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எல்லா இடங்களையும் விவரிக்க நேரம் போதாது. ஆகவே பத்மோஸ் தீவைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

கிரேக்க நாட்டைச் சேர்ந்த இச்சிறு தீவு ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு அருகே உள்ளது. இயேசுவுக்குச் சாட்சி சொன்னதன் பொருட்டு இத்தீவில் இருந்ததாக அருளப்பர் திருவெளிப்பாட்டின் முதல் அதிகாரத்திலேயே கூறுகிறார். அவர் காட்சி கண்டதாக மரபு சொல்லும் குகை மலைச்சரிவில் இருக்கிறது. உச்சியில் கோட்டைபோல் நிற்பது அவர் பெயரால் அமைந்த துறவியர் மடம். 1088-இல் பேரரசர் முதலாம் அலெக்சியுஸ் தீவு முழுவதையும் கிறிஸ்தொதூலோஸ் என்னும் துறவிக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். மதில்களை அவ்வளவு உயரமாக எழுப்பியது கடற்கொள்ளையருக்கு அஞ்சித்தான். மடத்தை நிறுவிய அவரே கொள்ளையரின் தொல்லையால் தீவை விட்டு வெளியேறி, 1093-இல் வேற்றிடத்தில் மரித்தார். அவருடைய உடலைப் பின்னர் இங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள்.

அச்சாசனம் மடத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எங்கள் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. அது ஆறாம் நூற்றாண்டின் நற்செய்தி நூல். ஊதாச் சாயம் தோய்ந்த தோலில் வெள்ளி எழுத்துக்கள். திருப்பெயர்கள் மட்டும் பொன்னில். கிடைத்துள்ள 231 ஏடுகளில் 33 இம்மடத்தில் உள்ளன. அவை மாற்கு நற்செய்தியைச் சேர்ந்தவை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 182 இருக்கின்றன. மற்றவை வத்திக்கான், லண்டன், வியன்னா எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே நற்செய்தி நூல். இன்று ஒரு தேசத்திலும் அது முழுமையாக இல்லை!

அன்பர்களே, திருச்சபையின் நிலையும் இதுதானே? அம்மடத்துத் துறவியர் நம் பிரிந்த சகோதரர்களாகிய ஆர்த்தடாக்ஸ் சபையினர். அவர்களும் நாமும் வணங்குவது ஒரே ஆண்டவரை. வாசிப்பது ஒரே நற்செய்தியை. ஆயினும் அவர்கள் ஆலயத்தில் நாங்கள் பின்னால் நின்று செபிக்கலாமே ஒழிய, ஒரே திருப்பந்தியில் நற்கருணை வாங்க முடியாது. அந்த வேதனை அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

1054-இல் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் சபைக்குப் புறம்பாக்கினார்கள். 1965 டிசம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரும் கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவர் அத்தனாகோராசும் அந்தப் பழைய தீர்ப்புகளை நினைவிலிருந்து நீக்கினார்கள். பத்மோஸ் மடமும் அதே மறைமுதுவரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டதே. சாபம் நீங்கியது, பந்தி இன்னும் ஒன்றாகவில்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். பலருக்கு அது நாட்காட்டியில் வரும் ஒரு வாரம் மட்டுமே. நம் தெருவிலேயே வேறு ஆலயத்துக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு. நம் அன்பியங்களிலேயே ஆண்டுக் கணக்கில் பேசாத உறவுகளும் உண்டு. இந்த யூபிலி ஆண்டில் அவர்கள் வாசலுக்கு நாம் முதலில் போவோம். சிதறிய ஏடுகளை ஒன்றுசேர்ப்பது நம் கையில் இல்லை. சிதறிய சகோதரரைத் தேடிப் போவது நம் கடமை.

இயேசுவுக்கே புகழ்!