அடைக்கிறதா, வலிக்கிறதா?



கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் தொன்னையை நீட்டிவிடுவார். சோற்றுக்குக் குறைவில்லாத இந்த அடி அண்ணாமலையில், சோறு இறங்காதவர்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம்.

"விழுங்க முடியல" என்று வருபவரைக் கொஞ்சம் பேசவிட்டால் வேறு வேறு சொற்கள் வெளிவரும். "நெஞ்சுல நிக்குது" என்பார் ஒருவர். "எறங்கும்போது முள்ளு குத்துற மாதிரி வலிக்குது" என்பார் இன்னொருவர். "தண்ணி குடிச்சா பொரை ஏறுது" என்பார் பக்கவாதம் வந்து தேறியவர். "தொண்டையில உருண்டை மாதிரி இருக்கு, ஆனா சோறு எறங்குது" என்பவரும் உண்டு. இந்த நான்கும் நான்கு வெவ்வேறு நோய்களின் வாசல்கள். நாமோ எல்லாவற்றுக்கும் 'டிஸ்ஃபேஜியா' என்று ஒரே சொல்லைச் சீட்டில் எழுதி, நோயாளி கொடுத்த தகவலில் பாதியை அங்கேயே தொலைத்துவிடுகிறோம்.

உணவுக்குழாயில் கேண்டிடா பூஞ்சை படர்ந்தவருக்கு முதன்மையான தொல்லை வலி. விழுங்கும்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் வலிக்கும். வாயில் வெள்ளைப் படலம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வாய் சுத்தமாக இருப்பதாலேயே பூஞ்சை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

என் தலைமுறை மருத்துவர்களுக்கு இந்த நோய் அறிமுகமானது எய்ட்ஸ் வழியாக. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள், இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் சி.எம்.சி.யில்தான் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். பிறகு வந்த ஆண்டுகளில், எலும்பும் தோலுமாக, வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, எச்சில் விழுங்கவும் அழுத நோயாளிகளைப் பார்த்தோம். ஃப்ளூகோனசோல் கொடுத்தால் சில நாட்களிலேயே கஞ்சி குடிப்பார்கள். 14 முதல் 21 நாள் வரை மருந்து. முன்னேற்றம் இல்லையென்றால் எண்டோஸ்கோபி. சைட்டோமெகலோ வைரஸும் ஹெர்ப்பிஸும் உண்டாக்கும் புண்ணுக்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது என்பதால், அந்த ஒழுங்கு அன்றைக்குச் சரியானதே.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசின் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனையும் தொடக்க மையங்களில் ஒன்று. அதன்பின் நோயாளிகள் மாறினார்கள். நம் பழக்கம் மாறவில்லை. இன்று பூஞ்சையோடு வருபவர் பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரைக்காரர், ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர், கீமோ எடுப்பவர். இவர்களில் பலருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அந்த வயதில் பூஞ்சையோடு இன்னொன்றும் உள்ளே இருக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் விவசாயி ஒருவர் வந்தார். குழாய் விட்டுப் பார்த்தேன், வெள்ளைத் திட்டுகள். துடைத்தெடுத்த மாதிரியில் கேண்டிடா. மாத்திரை எழுதினேன், வலி குறைந்தது, எனக்கும் திருப்தி. ஆனால் முதல் நாளே அவர் மனைவி சொல்லியிருந்தார்: "மூணு மாசமா களி எறங்கல சார், கஞ்சிதான். இப்போ அதுவும் நிக்குது." கெட்டியானதில் தொடங்கி நீர்த்ததற்கு இறங்கி வரும் அடைப்பு, கூடவே எடைக் குறைவு, வாயில் புகையிலைக் கறை. மருத்துவ மாணவன்கூடப் புற்று என்று சொல்லியிருப்பான். திட்டுகளுக்குக் கீழே சற்றே மேடாக இருந்த இடத்தில் சதை எடுக்காமல் வந்தவன் நான். இரண்டு மாதம் கழித்து எடுத்தேன்.

நான் பார்த்த பூஞ்சை பொய்யல்ல. ஆனால் அது அடைப்புக்குக் காரணமாக இல்லாமல் அடைப்பின் விளைவாக இருந்திருக்கலாம். உணவு தேங்கினால் பூஞ்சை வளரும். அக்கலேசியாவிலும் இதே கதைதான். அங்கே கெட்டியும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நிற்கும், கீழ்ச்சுருக்குத் தசை திறக்காது. அங்கே பூஞ்சைக்கு மட்டும் மருந்து கொடுப்பது, அடைத்த சாக்கடையை விட்டுவிட்டுப் பாசியை வழிப்பதைப் போல.

இளைஞர்களிடம் வேறு கணக்கு. முகப்பருவுக்கு டாக்சிசைக்ளினை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டு உடனே படுத்தவருக்கு மறுநாள் காலையிலேயே கடும் வலி வரும். 'எப்போது தொடங்கியது' என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் வந்தால் மாத்திரையைத் தேடுங்கள். ஒவ்வாமை உள்ள இளைஞருக்குச் சோறு திடீர் திடீரெனச் சிக்கினால், குழாயில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் ஈசினோஃபில் அணுக்களின் கசிவாக இருக்கலாம். சதைப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். கழிப்பறை அமிலத்தையோ சோப் ஆயிலையோ குடித்துப் பிழைத்தவர், குழாய் சுருங்கி வரும்போது பழையதைத் தானாகச் சொல்லமாட்டார். உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். வெளுத்துப்போன பெண்ணுக்கு மேல் தொண்டையில் சிக்கினால் ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் அங்கே மெல்லிய சவ்வு வளர்வதுண்டு.

முதல் அமர்வை வழக்கத்துக்கு மாறாக அமைக்கச் சொல்லியிருக்கிறேன். திரையில் வரப்போகும் எண்டோஸ்கோபிப் படங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைத் திட்டு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அந்த நோயாளி முதல் நாள் சொன்ன வாக்கியம், அவர் பேச்சிலேயே, வாசிக்கப்படும். நோய் இன்னதென்று தாளில் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து படத்தைப் பார்க்க வேண்டும். அந்த விவசாயியின் படம் மூன்றாவதாக வருகிறது.