முதலில் மண்டபத்தைப் பாருங்கள்



திருமண விருந்துக்கு மண்டபத்தை எப்படி அலங்கரிப்பது? கண்ணில் படுகிற ஆயிரம் மாதிரிகளில் நமக்கு ஏற்ற ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அலங்காரத் தொழில் செய்பவள் அல்ல. ஆனால் என் மகள் கல்யாணத்தில் ஒரு தவறு செய்தேன். என் தங்கை மகள் கல்யாணத்தில் அதைத் திருத்திக்கொண்டோம். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு 2012-இல் கல்யாணம். சஞ்சிகையில் வந்த ஒரு படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அலங்காரக்காரரிடம் போனேன். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த மேடை, பின்னால் ஊதா விளக்கு. படத்தில் உள்ளபடியே செய்து கொடுத்தார். அவர்மேல் குறை இல்லை. அந்த மண்டபத்தின் கம்பளம் சிவப்பு, சுவர் பச்சை. இதைப் பகலில் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி, நான் யோசிக்கவே இல்லை. விருந்தன்று ஊதா விளக்கு பட்டுப் பெண்ணின் முகம் நீலம் பாரித்துப்போனது. அரக்குப் பட்டு கறுப்பாகத் தெரிந்தது. அந்தப் புகைப்பட ஆல்பத்தை இன்றுவரை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.

போன ஆண்டு தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் கைத்தொலைபேசியில் 200-க்கும் மேற்பட்ட படங்கள். ராஜஸ்தான் அரண்மனை ஒன்று, பாலித் தீவு மூங்கில் பந்தல் ஒன்று, ஆங்கிலேயர் தோட்டம் ஒன்று. தங்கைக்கோ பொன் வண்ணத் தூண்களும் இரண்டு பக்கமும் யானைகளும் வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் தினமும் வாக்குவாதம். தங்கையின் கணவர் லோரி ஓட்டியவர். 55 வயதில் கைக்கு வந்த ஊழியர் சேமநிதிப் பணத்தில்தான் கல்யாணம். "எது வேண்டுமோ செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடுவார். அவருடைய அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உட்கார வைத்தேன். "பெரியம்மாவுக்காக ஒன்று செய். ஒவ்வொரு படத்திலும் உனக்கு என்ன பிடித்தது என்று ஒரே சொல்லில் எழுது. எழுத முடியாத படத்தை அழித்துவிடு" என்றேன். மாலைக்குள் 200 படங்கள் 12 ஆகிவிட்டன. அந்த 12 படங்களில் 9-க்கு அவள் எழுதியிருந்த சொல் 'இலை' அல்லது 'பச்சை'. அரண்மனையும் இல்லை, தூணும் இல்லை. அவளுக்கே வியப்பு.

அப்போதுதான் தங்கை தன் கல்யாணப் படத்தை எடுத்து வந்தாள். 1989-இல் தோட்டத்தில், லயத்து வாசலில் போட்ட பந்தல். தென்னங்குருத்துத் தோரணம், குலையோடு இரண்டு வாழை மரம், மாவிலை. "இதைத்தான் நாங்கள் காசில்லாமல் செய்தோமே!" என்றாள். தாயும் மகளும் கேட்டது ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அன்பர்களே, கற்பனைக்கு ஊற்று தூரத்தில் இல்லை. அம்மாவின் கூறைப் புடவையை விரித்துப் பாருங்கள், உடலும் கரையும் சேர்ந்து இரண்டு வண்ணங்களைத் தந்துவிடும். 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலாக்கா, ஜார்ஜ்டவுன் நகரங்களின் பழைய கடைவீடுகளில் தரை ஓடுகளைப் பாருங்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சொங்கேட் துணியில் ஓடும் பொன் சரிகையைப் பாருங்கள். நாம் நடக்கும் வழியிலேயே எத்தனையோ இருக்கின்றன.

பிறகு மண்டபத்தை, விருந்து நடக்கும் அதே இரவு நேரத்தில் போய்ப் பாருங்கள். கம்பளம், சுவர், நாற்காலி உறை மூன்றையும் படம் எடுங்கள். அவற்றை மாற்ற முடியாது. நம் வண்ணந்தான் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும். கூரை தாழ்வாக இருந்தால் உயரமான மேடை அமுங்கித் தெரியும். அலங்காரம் செய்ய எத்தனை மணி நேரம் தருவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்பதையும் கேட்டு வையுங்கள். முகத்தில் விழும் விளக்கு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கட்டும். வண்ண விளக்கு சுவரோடு நிற்கட்டும்.

அடுத்தது கணக்கு. 600 பேர், மேசைக்கு 10 பேர் என்றால் 60 மேசை. மேசைக்கு 60 வெள்ளியில் பூ வைத்தால் 3,600 வெள்ளி. பரிமாறத் தொடங்கியதும் அந்தப் பூவை நகர்த்திக் கீழே வைத்துவிடுகிறோம். நாங்கள் அதை விட்டுவிட்டோம். வாழையிலைத் துண்டின்மேல் ஒரு வெற்றிலைத் தட்டு, அவ்வளவுதான். எல்லார் கண்ணும் படுகிற வாசலுக்கும் மேடைக்கும் மட்டும் செலவு செய்தோம்.

அலங்காரக்காரரிடம் போகும்போது 5 படங்களுக்குமேல் கொண்டுபோகாதீர்கள். அவர் செய்த வேலையின் படங்களைக் கேளுங்கள். அதே மண்டபத்தில் செய்தது என்றால் இன்னும் நல்லது. எது புதுப் பூ, எது செயற்கைப் பூ என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஹைட்ரேஞ்சியா சீக்கிரம் வாடிவிடும்; ஆர்க்கிட் தாங்கும்.

விருந்தன்று இரவு வாசலில் வாழை மரமும் தென்னங்குருத்தும், மேடையில் பச்சை இலையும் வெள்ளை ஆர்க்கிட்டும், அரக்குப் பட்டில் பிள்ளையும். தங்கையின் கணவர் மதியத்திலிருந்தே மண்டபத்தில் இருந்தார். "தோரணம் பின்ன எனக்குத் தெரியும்" என்று தானே உட்கார்ந்து பின்னினார். ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்தது. அதைவிட, எழுந்து எழுந்து போன மனிதர் மகள் கல்யாணத்துக்கு மனதோடு வந்து சேர்ந்தார் என்பதே எனக்குப் பெரிது.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இன்றிரவே பழைய ஆல்பத்தை எடுத்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். அலங்காரக்காரரிடம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.